மச்சை மாற்றுச் சிகிச்சை: அதன் வரலாறும் நம் கடமையும்

நம் முன்னோர் இவ்வுடம்பை ஏழு தாதுக்களால் ஆயது என்று வகுத்தனர். இரசம், இரத்தம், மாமிசம், மேதை, எலும்பு, மச்சை, சுக்கிலம் என்பன அவை. இவற்றுள் ஆறாவதாகிய மச்சை எலும்பின் உள்ளே உறைவது. பெயர் மிகப் பழையது. ஆயினும் அதன் தொழில் இன்னதென உலகம் தெளிந்தது அண்மைக் காலத்திலேதான். 1868ஆம் ஆண்டிலே ஏர்ன்ஸ்ட் நொய்மன் என்னும் ஜெர்மானிய அறிஞரும், இத்தாலி நாட்டுப் பிஸ்ஸோஸேரோ என்பாரும், இரத்தத்தின் கலங்கள் எலும்பு மச்சையிலேயே பிறக்கின்றன என்று எடுத்துக் காட்டினர். அதுவரை இரத்தம் எங்கே பிறக்கின்றது என்பது பலவாறாகக் கருதப்பட்டு வந்தது.

மச்சை ஓர் ஊற்றுப் போன்றது. அதிலிருந்து மூவகைக் கலங்கள் இடையறாது பிறந்து இரத்தத்திற் கலக்கின்றன. செங்கலங்கள் மூச்சுக் காற்றின் உயிர்ப்பகுதியை உடலெங்கும் சுமந்து செல்வன. வெண்கலங்கள் நோய்க்கிருமிகளோடு போரிடுவன. சிறுதட்டுக்கள் காயத்தை அடைத்துக் குருதிப் பெருக்கை நிறுத்துவன. இவ்வூற்று வற்றிவிடினும், கெட்டுவிடினும் மனிதன் வாழ்தல் அரிது. லுகீமியா என்னும் இரத்தப் புற்றுநோயில் ஊற்றே நஞ்சாகி விடுகிறது. மச்சை வற்றும் நோயில் ஊற்று நின்று விடுகிறது. தலசீமியா என்னும் பரம்பரை நோயிலோ, ஊற்று ஓடினும் அதிற் பிறக்கும் செங்கலங்கள் பழுதுற்றனவாய் விரைவில் அழிகின்றன. கெட்ட ஊற்றை நீக்கி, வேறொருவரது நல்ல ஊற்றை அவ்விடத்திற் பெருகச் செய்வதே மச்சை மாற்றுச் சிகிச்சை. அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறி, நம் தோட்டப்புறத்து மக்களாகிய நாம் அதனின்று கொள்ளத்தக்கது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டங்களும் சோகையும்

இரத்தக் குறைவு என்பது நம் தோட்டங்களுக்குப் புதிய செய்தியன்று. கொடகவெல, இறக்குவானை, கஹவத்தைப் பகுதிகளிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரைக் கேட்டால், முகம் வெளிறி, கால் வீங்கி, மலையேற மாட்டாது மூச்சு வாங்கியவர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வர். அச்சோகைக்குப் பெருங்காரணம் கொழுக்கிப் புழு. செருப்பில்லாத கால்களின் வழியே உடம்பினுட் புகுந்து குடலில் ஒட்டிக் குருதியை உறிஞ்சும் புழு அது. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு மருந்தும் வைத்தியமும் கிடைக்க வகை செய்தது. 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். மலசலகூடம் கட்டுவதும் புழுமருந்து கொடுப்பதும் அவ்வியக்கத்தின் இரு கைகளாயின.

இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் ஒரு பழக்கமும் கூடவே வேரூன்றி விட்டது. வெளிறிய பிள்ளையைக் கண்டால் "இரத்தக் குறைவுதான்" என்று சொல்லி, டிஸ்பென்சரியில் இரும்புச்சத்துக் குளிசை வாங்கிக் கொடுத்து அமைதியடைகிறோம். எல்லாச் சோகையும் ஒன்றன்று. சோகையோடு அடிக்கடி காய்ச்சல் வருதல், காரணமின்றித் தோலிலே நீலப் புள்ளிகள் தோன்றுதல், முரசிலும் மூக்கிலும் இரத்தம் கசிதல், வயிறு பருத்தல் ஆகிய குறிகள் காணின், அது மச்சையின் நோயாகவும் இருக்கக்கூடும். அப்போது இரும்புக் குளிசை போதாது. தலசீமியாப் பிள்ளைக்கு வைத்தியர் சொல்லாது இரும்பு கொடுப்பது தீங்காகவும் முடியலாம். எளியதோர் இரத்தப் பரிசோதனையே முதற்படி. அதனைக் காலந்தாழ்த்தாது செய்வித்தல் பெற்றோர் கடன்.

அழிவிலிருந்து பிறந்த அறிவு

மச்சை மாற்றுச் சிகிச்சையின் தொடக்கம் ஒரு பெருங்கொடுமையோடு தொடர்புடையது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாக்கி நகரங்களின்மீது அணுகுண்டு வீசப்பட்டது. குண்டின் தீக்கும் அதிர்ச்சிக்கும் தப்பியவருட் பலர் சில வாரங்களில் காய்ச்சலும் குருதிக்கசிவும் கண்டு மாண்டனர். கதிர்கள் அவர்களது மச்சையை அழித்துவிட்டன. இதற்கு மாற்று உண்டோ என்று அறிஞர் ஆராயத் தொடங்கினர். 1949இல் அமெரிக்காவில் லியோன் ஜேக்கப்சன் என்பார், சுண்டெலிகளின் மண்ணீரலை ஈயத்தால் மறைத்துக் கதிர்களைச் செலுத்தினால் அவை பிழைக்கின்றன என்று கண்டார். 1951இல் எகொன் லொரென்ஸ் என்பாரும் அவர் குழுவினரும், கதிர்பட்ட எலிகளுக்கு வேறு எலிகளின் மச்சையை இரத்த நாளத்தின் வழியே செலுத்தி அவற்றைக் காத்தனர்.

மச்சையைச் செலுத்தக் கத்தி வேண்டியதில்லை என்பதும் இதனாலே புலப்பட்டது. நாளத்தில் விட்ட மச்சைக் கலங்கள் தாமே வழி கண்டு எலும்பினுட் சென்று குடியேறுகின்றன. பிறர் கண்டு சொல்லாவிடின் நம்புதற்கரிய செய்தி இது. இன்றும் நோயாளியின் படுக்கையருகே நடப்பது இரத்தம் ஏற்றுவது போன்ற ஒரு காட்சியே.

1957இல் அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ் என்பார், ஆறு நோயாளருக்குப் பிறர் மச்சையைச் செலுத்திய செய்தியை வெளியிட்டார். அவருள் எவரும் நூறு நாட்களுக்கு மேல் உயிர் தரிக்கவில்லை. மறு ஆண்டு, 1958 அக்டோபரில், யூகோஸ்லாவியாவின் வின்சா என்னுமிடத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் நேர்ந்த விபத்திலே அறுவர் கடுங்கதிர்களுக்கு உட்பட்டனர். அவர்களைப் பாரிஸ் நகருக்குக் கொண்டு சென்றனர். ஜோர்ஜ் மாத்தே என்னும் வைத்தியர் அவருள் ஐவருக்கு மச்சை செலுத்தினார். அம்மச்சையைக் கொடுத்தவர் யார்? தாம் முன்பின் கண்டறியாத அந்நிய நாட்டவருக்காக முன்வந்த பிரெஞ்சு மக்கள். அவருள் ஒரு பெண்ணும் இருந்தார். அறுவருள் ஒருவர் இறந்தார், ஐவர் பிழைத்தனர். மொழியும் நாடும் வேறான ஒருவருக்கு மச்சையைக் கொடுக்கும் வழக்கம் இங்ஙனம் தொடங்கிற்று.

தோல்வியைக் கடந்தோர்

ஆயினும் அடுத்த பத்தாண்டுகள் இருண்டவை. 1950களிலும் 1960களிலும் உலகெங்கும் செய்யப்பட்ட ஏறத்தாழ இருநூறு முயற்சிகளில் பெரும்பாலானவை மரணத்திலேயே முடிந்தன. காரணம் இரண்டு. சிலரில் உடம்பு புதிய மச்சையை ஏற்க மறுத்தது. வேறு சிலரிலோ, புதிய மச்சையிற் பிறந்த வெண்கலங்கள், தாம் புகுந்த உடம்பையே பகையெனக் கருதித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கின. வந்த விருந்தே வீட்டைக் கொளுத்தியதற்கு ஒப்பாகும் இது. பல வைத்தியர் இத்துறையைக் கைவிட்டனர்.

கைவிடாதாருள் தலையாயவர் தோமஸ். அவர் நாய்களை வைத்துப் பல்லாண்டு ஆராய்ந்தார். ஒரே ஈற்றிற் பிறந்த குட்டிகளிடையே, இழைய வகை ஒத்திருப்பின் மச்சை நிலைக்கும் என்பது தெளிவாயிற்று. பாரிஸ் நகரத்து ஜான் தோசே 1958இல் மனிதரிடத்தும் இத்தகைய இழைய வகை உண்டெனக் கண்டிருந்தார். எச். எல். ஏ. என இன்று அதனை வழங்குவர். இதன் பயனாக 1968இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் றொபேட் குட் என்பார், பிறவியிலேயே நோயெதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு குழந்தைக்கு அதன் சகோதரியின் மச்சையைச் செலுத்தி வெற்றி கண்டார். பின்னர் சியாட்டில் நகரில் தோமஸ் குழுவினர், வேறு மருந்தெல்லாம் பயன்படாது போன இரத்தப் புற்றுநோயாளர் நூறு பேருக்குச் செய்த சிகிச்சையின் பயனை 1977இல் வெளியிட்டனர். அந்நூற்றுவருள் பதின்மூவர் நோயின்றி வாழ்ந்திருந்தனர். பதின்மூவர்தானே என்று எண்ணலாம். அதற்கு முன் அந்நிலையிலிருந்தோர் பிழைத்ததே அரிது என்பதை நினைந்தால் அவ்வெண்ணிக்கையின் பெருமை விளங்கும்.

தோமசின் மனைவி டொட்டி அம்மையாரை இங்கு மறத்தலாகாது. ஆய்வுகூடத்திலும் எழுத்து வேலையிலும் கணவருக்குத் துணைநின்ற அவரை மச்சை மாற்றுச் சிகிச்சையின் அன்னை என்றே அத்துறையினர் போற்றினர். 1990இல் தோமசுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வேலூர் வரை ஒரு வழி

நமக்கு அண்மையில் இச்சிகிச்சை 1983இல் நடந்தது. மும்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையில் டாக்டர் சுரேஷ் அத்வானி குழுவினர், இரத்தப் புற்றுநோய் கண்ட ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவளது சகோதரனின் மச்சையைச் செலுத்தினர். 1986இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி வைத்தியசாலையில் டாக்டர் மாமன் சாண்டி தலைமையில் இச்சிகிச்சை தொடங்கிற்று. தலசீமியாப் பிள்ளைகளே அங்குச் சிகிச்சை பெற்றோருள் முதன்மையான பங்கினர். அன்று முதல் அங்கு ஆயிரக்கணக்கானோர் இச்சிகிச்சை பெற்றுள்ளனர்.

வேலூர் வைத்தியசாலையின் வேர் ஈழமண்ணோடும் தொடர்புடையது என்பது நம்மில் பலர் அறியாதது. அதனை 1900ஆம் ஆண்டில் ஒரேயொரு கட்டிலோடு தொடங்கியவர் ஐடா ஸ்கட்டர் அம்மையார். ஒரே இரவில், பெண் வைத்தியர் இன்மையால் பிரசவத்தில் மூன்று தாய்மார் மாண்ட செய்தியே அவரை வைத்தியத்திற்கு அழைத்தது என்பர். அவரது பாட்டனார் ஜோன் ஸ்கட்டர் 1820இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலே வைத்தியப் பணி புரிந்தவர். அவர் வழியில் 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். கிறித்தவப் பாடசாலையிற் பயின்றவன் என்ற முறையில் இதனைப் பாராட்டுவதோடு, இந்து இளைஞர் என்ற முறையில் ஒன்று கேட்கவும் வேண்டியுள்ளது. பிறர் சமயத்தார் நம்மவர்க்குச் செய்த தொண்டை நாம் நம்மவர்க்கேனும் செய்கின்றோமா?

இலங்கையிலும் 2010களில் இச்சிகிச்சை காலூன்றியது. மகரகமவிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. கொழும்பில் தனியார் வைத்தியசாலையிலும் இது செய்யப்படுகிறது. குருநாகலையிலுள்ள தேசிய தலசீமியா நிலையம் அந்நோய்ப் பிள்ளைகளை நெடுங்காலமாகப் பராமரித்து வருகின்றது. ஆகவே, இந்நோய் வந்தால் கடல் கடந்தேயாக வேண்டும் என்ற நிலை இன்றில்லை. முதலில் அரச வைத்தியசாலையின் நிபுணரிடம் கேட்டறிதலே முறை.

உடன்பிறப்பின் கணக்கு

மச்சை கொடுக்கத் தகுந்தவர் யார்? ஒவ்வொருவரும் இழைய வகையில் பாதியைத் தாயிடமும் பாதியைத் தந்தையிடமும் பெறுகிறோம். ஆகையால் ஓர் உடன்பிறப்பு முழுதும் ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. இரு உடன்பிறப்புக்கள் இருப்பின் அவருள் ஒருவரேனும் ஒத்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 44. மூவர் இருப்பின் 58. ஒத்தவர் இல்லாதபோது உறவல்லாதாரை நாட வேண்டும். 1974இல் இலண்டனில் ஷேர்லி நோலன் என்னும் தாய், தன் மகன் அந்தோணிக்கு மச்சை தேடி, கொடையாளர் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். மகனுக்கு ஏற்ற மச்சை கிடைக்கவில்லை. 1979இல் அவன் இறந்தான். ஆயினும் அவ்வன்னை தொடங்கிய பணியைப் பின்பற்றி உலகெங்கும் எழுந்த பதிவேடுகளில் இன்று நான்கு கோடிக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்துள்ளனர். சென்னையில் 2009இல் தாத்ரி என்னும் பதிவேடு தோன்றியது. ஓர் இனத்தவர்க்கு அவ்வினத்தவரிடையே ஒப்பு கிடைத்தல் எளிது. தெற்காசிய மக்களோ இப்பதிவேடுகளில் மிகக் குறைவு. இப்பொழுது பாதி ஒத்த தாய் தந்தையரின் மச்சையையும் பயன்படுத்தும் முறை வளர்ந்துள்ளது என்பது ஆறுதலான செய்தி.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தடை எழுகிறது. தம்பிக்கு மச்சை கொடுக்க அக்காள் முன்வந்தால், "குமர்ப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் முற்றாகாது" என்பர். முதுகெலும்பை அறுத்து எடுப்பர், இடுப்பு விளங்காது போகும் என்றும் அஞ்சுவர். உண்மை யாதெனில், மச்சை முதுகுத்தண்டிலிருந்து எடுக்கப்படுவதன்று. மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் எடுப்பர். சில நாள் நோவு இருக்கும். எடுத்த மச்சை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். மற்றொரு முறையில், நான்கைந்து நாட்கள் ஊசி போட்டு, குருத்துக் கலங்களை இரத்தத்திற்கு வரச்செய்து, இரத்தத்திலிருந்தே பிரித்தெடுப்பர். பிள்ளை பெறும் வல்லமைக்கு இதனாற் குறைவில்லை.

ததீசி முனிவர் தேவர்களுக்காகத் தம் முதுகெலும்பை ஈந்த கதையை நாம் புராணத்திற் கேட்டு வியக்கிறோம். அவர் உயிரையும் கொடுத்தே எலும்பைக் கொடுத்தார். இன்று மச்சை கொடுப்பவர் உயிரோடும் நலத்தோடும் வீடு திரும்புகிறார். முனிவரைப் போற்றிவிட்டு அக்காளைத் தடுத்தல் முறையாகுமா? கொடுத்த பெண்ணை மணப்பந்தலில் ஒதுக்குவோர் கொடையின் பெருமை அறியாதோரே. பெரியோர் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன். அதுபோலவே, கொடுக்க மனமில்லாத ஒருவரைக் கட்டாயப்படுத்துதலும் தவறு. கொடை என்பது மனமுவந்து தருவதே.

உடனிருப்போர் படும் பாடு

இச்சிகிச்சை ஒருநாட் சத்திரசிகிச்சையன்று. முதலில் கடும் மருந்துகளாற் பழைய மச்சை அழிக்கப்படும். முடி உதிரும், வாய் புண்ணாகும், நோயெதிர்ப்பு முற்றாக இல்லாது போகும். புது மச்சை தளிர்க்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். அதுவரை தூய காற்று மட்டுமே வரும் தனியறையில் நோயாளி இருப்பார். அதன்பின்னும் முதல் நூறு நாட்கள் மிகக் கவனமாக இருத்தல் வேண்டும். காய்ச்சி ஆற்றிய நீர், அப்போதே சமைத்த உணவு, தூய படுக்கை, நேரந்தவறாத மருந்து, இடையிடையே கிளினிக் ஆகிய அனைத்தும் இன்றியமையாதன. காய்ச்சல் கண்டால் அன்றே, அந்த மணியே, வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். குழந்தைப் பருவத்தில் ஏற்றிய தடுப்பூசிகளையும் மீண்டும் ஏற்ற வேண்டி வரும்.

இவற்றைச் செய்பவர் யார்? வைத்தியரும் தாதியரும் மட்டுமல்லர். உடனிருக்கும் தாயோ, தந்தையோ, சகோதரியோதான். சூலை நோயால் வருந்திய திருநாவுக்கரசரை ஏற்றுத் தேற்றிய திலகவதியாரை நாம் வழிபடுகிறோம். தோட்டத்து லயத்திலிருந்து பல மாதம் நீங்கி நகரத்திலே தங்கும் ஒரு தாயின் நிலையை எண்ணிப் பார்ப்போம். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லையேற் சம்பளம் இல்லை. வீட்டில் மற்றப் பிள்ளைகள் யார் பொறுப்பில் இருப்பது? தங்க இடம் எங்கே? சிங்களத்தில் எழுதிய மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்வார் யார்? திரும்பி வந்தபின், பத்தடி அறையில் எண்மர் உறங்கும் லயத்திலே நோயாளிக்குத் தனியிடம் ஏது? மருந்து வெற்றி பெற்றாலும், இவ்வினாக்களுக்கு விடை இல்லையேல் சிகிச்சை தோற்றுப் போகக்கூடும். நோயாளியைக் காப்பது போலவே, காப்பவரையும் காத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, இரத்ததானம். மச்சை மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்கு இரத்தமும் சிறுதட்டுக்களும் பலமுறை வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மச்சை கொடுக்கக்கூடிய பெற்றோரும் உடன்பிறந்தாரும் சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு இரத்தம் கொடுத்தலாகாது. அங்ஙனம் கொடுத்தால், நோயாளியின் உடம்பு அவர்தம் மச்சையைப் பின்னர் மறுத்துவிடக்கூடும். ஆகவே இரத்தம் ஊராரிடமிருந்தே வர வேண்டும். இலங்கையில் 2014 முதல் இரத்த வங்கிக்கு வரும் இரத்தம் முழுவதும் கூலி பெறாத தானமே என்பது நாட்டுக்குப் பெருமை. 18 முதல் 60 வயது வரையுள்ள, ஐம்பது கிலோவுக்குக் குறையாத, நலமுள்ள எவரும் நான்கு மாதத்துக்கொருமுறை கொடுக்கலாம். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் நம் மன்றம், ஆண்டுக்கொருமுறை இரத்ததான முகாமும் நடத்தலாம்.

இரண்டாவது, திருமணத்துக்கு முன் பரிசோதனை. தலசீமியாவின் பண்பை மறைவாகத் தாங்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள நம்மிடையே இவ்வாய்ப்பு கூடுகிறது. ஜாதகம் பார்ப்பதை யாரும் விட வேண்டியதில்லை; அதனோடு இரத்தமும் பார்ப்போம்.

மூன்றாவது, உதவி நிதியும் வழிகாட்டலும். பாரிய நோய்ச் சிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியம் உதவி வழங்குகிறது. விபரத்தைப் பிரதேச செயலகத்தில் அறியலாம். படிவம் நிரப்பவும், சிங்களத்தில் விளக்கவும், வைத்தியசாலைக்குக் கூடச் செல்லவும் படித்த இளைஞர் இருவர் போதும். நோயாளியின் வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. திரட்டும் நிதிக்கு முறையான கணக்கு வைத்து, மன்றத்தின் பலகையில் எழுதிவைத்தல் நம்பிக்கையை வளர்க்கும்.

நான்காவது, பொய்யுரைகளை அகற்றல். நோய் வந்த வீட்டைச் சாபம் பெற்ற வீடென்று பேசுவதும், முடி உதிர்ந்த பிள்ளையைக் கண்டு ஒதுங்குவதும் நம்மிடையே இன்னும் இல்லாமற் போகவில்லை. இந்நோய்கள் தொற்றுவன அல்ல. ஒதுங்க வேண்டியது ஒரு காரணத்திற்காகவே: நமக்குத் தடிமலோ காய்ச்சலோ இருப்பின், அப்பிள்ளையைக் காக்கும் பொருட்டு நாம் விலகி நிற்க வேண்டும்.

எலியிலும் நாயிலும் தொடங்கி, அறுவர் இறந்த துயரத்தைக் கடந்து, நூற்றுக்குப் பதின்மூவர் என வளர்ந்து, இன்று எத்தனையோ பிள்ளைகளைப் பாடசாலைக்குத் திருப்பி அனுப்பும் இச்சிகிச்சை, வைத்தியரால் மட்டும் உருவானதன்று. மகனை இழந்தும் பிறர் பிள்ளைக்காக உழைத்த தாயும், பெயரறியா மனிதருக்கு மச்சை ஈந்தோரும், இரவெல்லாம் கட்டிலருகே விழித்திருந்தோரும் சேர்ந்தே அதனை வளர்த்தனர். வைத்தியராக நம்மில் ஒரு சிலரே ஆக முடியும். மற்றப் பணிகளெல்லாம் நம் ஒவ்வொருவராலும் ஆகத்தக்கன. வரும் ஆண்டிலேயே நம் மன்றம் இரத்ததான முகாமைத் தொடங்குமாக. அதற்குப் பெரியோர் ஆசியும் இறைவன் திருவருளும் துணைநிற்பதாக.